அவசரம் லேது

அது ஒரு சிவப்பு ரெக்ஸின் சோபா. உட்கார்ந்தால் புஸ்ஸென்று பெருமூச்சு விடும். எழுந்தால் கால்சட்டையின் பின்புறத்தை லேசில் விடாது. திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், மூன்று மாடி லாட்ஜ் ஒன்றின் வரவேற்பறையில், அந்த சோபாவுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட பி.காம். சான்றிதழ். மூக்கில் பினாயில், கற்பூரம், எங்கோ தாளிக்கிற கறிவேப்பிலை மூன்றும் கலந்த ஒரு வாசனை. எனக்கு அது ஏதோ பெரிய இடத்தின் வாசனையாகப் பட்டது.

கவுன்ட்டருக்குப் பின்னால் லாட்ஜின் உரிமையாளர் சுகுணம்மா. நாற்பது வயதைத் தாண்டியவர். சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தார். நடந்தால் ஓசை வரும், நின்றால் ஊழியர்களுக்கு வியர்வை வரும்.

வேலை கேட்டு வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் சான்றிதழைத் தொடவில்லை. என்னை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், ஏறக்குறைய அன்பாகவே சொன்னார்:

"இப்புடு நீ அவசரம் மாக்கு லேது, பாபு."

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "பரவாலேதம்மா" என்றேன். போய் சோபாவில் உட்கார்ந்தேன். அது பெருமூச்சு விட்டது.

வேலை உறுதி என்று நினைத்துக்கொண்டேன். 'உன் விஷயத்தில் இப்போது எங்களுக்கு அவசரம் இல்லை' என்கிறார் அம்மாள். அதாவது, இரு, பார்க்கலாம், நிதானமாகச் செய்யலாம். எவ்வளவு பெருந்தன்மை!

ஒரு சொல்லுக்கு இரண்டு வீடு

தெலுங்கு தெரிந்த வாசகர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. சுகுணம்மா சொன்னது இதுதான்: "இப்போது நீ எங்களுக்குத் தேவையில்லை, தம்பி."

அவர் எனக்குக் கதவைக் காட்டியிருக்கிறார். நான் அதை நாற்காலி என்று எண்ணி உட்கார்ந்துவிட்டேன்.

ஆந்திராவிலுள்ள நகரியில் பிறந்தவனுக்குத் தெலுங்கு தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் தெரு தமிழ்த் தெரு. பள்ளிக்கூடம் தமிழ்ப் பள்ளிக்கூடம். கல்லூரிக்கு எல்லை தாண்டித் திருத்தணி. என்னுடைய தெலுங்கு சந்தையில் கற்றது. கத்தரிக்காய் விலை கேட்கலாம், குறைக்கச் சொல்லிச் சண்டை போடலாம், பஸ்ஸில் இடத்துக்காக நாலு வார்த்தை திட்டலாம். வேலை கேட்க அது போதாது என்பதை யாரும் சொல்லவில்லை.

தவிர, சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கில் பாதிக்குப் பாதி தமிழ் ஓடும். சுகுணம்மா குண்டூர்க்காரர், இந்த லாட்ஜை எடுத்து நடத்தக் கொஞ்ச நாள் முன்புதான் வந்தவர் என்பது எனக்குத் தெரியாது. 'பாவம், நமக்காகத் தமிழ்ச் சொல் போட்டுப் பேசுகிறார்' என்று நெகிழ்ந்தேன். தெரியாத சொல் வந்தால் எவனும் உஷாராகிவிடுவான். என்னைக் கவிழ்த்தது தெரிந்த சொல்.

நைனாவின் நிபந்தனை

எனக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று சொன்னால்தான், நான் ஏன் அப்படி நம்பினேன் என்பது விளங்கும்.

வீட்டில் நைனா, அதாவது அப்பா, விசைத்தறி வைத்திருந்தார். நன்றாகவே ஓடியது. ஆள்தான் கிடைக்கவில்லை. பகலெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால், அவர் கோயிலில் மனசுக்குள் வேண்டிக்கொண்டாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். நான் ஓட்டல், லாட்ஜ் என்று பேச ஆரம்பித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஊரான் படுத்து எழுந்த பாயைச் சுருட்டவாடா உன்ன பி.காம் படிக்க வச்சேன்? இங்க தறிக்கு ஆள் கெடைக்காம லோல்பட்டுக்கினு கீறேன்."

"எனக்கு அதுல இஷ்டம், நைனா."

"இஷ்டம்! சரி, புரட்டாசி முடியறதுக்குள்ள வேலன்னு ஒண்ண காட்டு. இல்லாங்காட்டி வந்து தறில குந்து. அதுக்கப்பறம் வாயத் தொறக்கக் கூடாது."

பேச்சு முடிந்தது. நான் சுகுணம்மாவைப் பார்த்தது ஆவணியில்.

இஷ்டம் எங்கிருந்து வந்தது என்று நைனா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரால்தான் வந்தது என்று சொல்லியிருப்பேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது தறிக்கு மின் இணைப்பு வாங்குவதற்காகச் சித்தூருக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். அதிகாரி அன்று வரவில்லை. ஆகவே ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் அறைக்கதவைத் தட்டிய ஆள் நைனாவிடம் பேசிவிட்டு என் பக்கம் குனிந்து, "சார், மீக்கு ஏம் காவாலி?" என்று கேட்டார். உங்களுக்கு என்ன வேண்டும், சார்?

வீட்டில் 'இன்னாடா வேணும்' உண்டு. அது கேள்வியல்ல, மிரட்டல். இவர் உண்மையாகவே பதிலுக்குக் காத்து நின்றார். நான் பால் என்றேன். ஒரு எவர்சில்வர் தட்டில், கீழே சாஸர் வைத்து, டம்ளரை மூடிக் கொண்டுவந்தார். பால் சுமார்தான். தட்டு பிரமாதம். அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆனாலும் எனக்காக ஒரு டம்ளர் மூடப்பட்டிருந்தது. இதையே வாழ்நாள் முழுதும் பிறருக்குச் செய்யலாம் போலிருக்கிறதே என்று தோன்றிவிட்டது.

நைனா அந்த லாட்ஜைப் பற்றி நினைவு வைத்திருந்தது மூட்டைப்பூச்சியை மட்டும்.

மன மனிஷி

மறுநாளும் காலை பஸ் பிடித்து புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு வந்தேன். சோபாவில் உட்கார்ந்தேன்.

மேனேஜர் முனிரத்னம் புத்தூர்க்காரர். தமிழும் தெலுங்கும் அவர் வாயில் ஒரே எச்சிலில் வரும். காதில் பென்சில். யாரைப் பார்த்தாலும் பாதிச் சிரிப்பு. மீதிச் சிரிப்பு ஆள் யார் என்று தெரிந்த பிறகு.

"இன்னாபா நேத்தும் வந்தே, இன்னிக்கும் குந்திக்கினு கீறே? அம்மா இன்னா சொன்னாங்க?"

"அவசரம் இல்லன்னு சொன்னாங்கண்ணா."

நான் தமிழில் சொன்னதால் அவர் அதைத் தமிழிலேயே வாங்கிக்கொண்டார். "அப்ப சரி. அம்மா எதையும் நெதானமாத்தான் செய்வாங்க. குந்து, குந்து."

இரண்டு நாள் கழித்து சுகுணம்மா என்னைப் பார்த்துவிட்டு முனிரத்னத்திடம் கேட்டார்: "எவரய்யா அதி? நீ மனிஷா?" யார் அது, உன் ஆளா?

"மன மனிஷே, அம்மா" என்றார் முனிரத்னம். நம்ம ஆளுதான்.

அவர் சொன்ன 'நம்ம ஆள்', அம்மா வைத்த ஆள். அம்மா காதில் விழுந்த 'நம்ம ஆள்', முனிரத்னத்தின் தூரத்து மச்சான். மேனேஜரின் உறவுக்காரன் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறான், போகட்டும் என்று அம்மா விட்டுவிட்டார். அம்மா சேர்த்துக்கொண்ட பையன், சம்பளம் எல்லாம் பேசியிருப்பார் என்று முனிரத்னம் விட்டுவிட்டார். இருவரும் என் பொறுமையைச் சோதிக்கிறார்கள் என்று நான் நம்பினேன். அந்தக் கட்டடத்தில் என் உண்மை நிலவரம் தெரிந்தது சோபாவுக்கு மட்டும்தான். அதனால்தான் அது அப்படிப் பெருமூச்சு விட்டிருக்கிறது.

முடி இறக்கியவர்கள்

சும்மா உட்காருவது எனக்கு வராது. பள்ளியிலும் இதற்காகவே வெளியே நின்றிருக்கிறேன். மூட்டையோடு வருகிறவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். வெந்நீர் எப்போது வரும் என்று கேட்டவருக்குச் சொன்னேன். அலிபிரிப் பாதையில் நடந்து மலையேறப் போகிறவர்களிடம் குழந்தைகளுக்கு முதலில் சாப்பிட ஏதாவது கொடுத்துவிடுங்கள் என்றேன். கைப்பிடி அறுந்த பைகளைச் சணலால் கட்டிக்கொடுத்தேன். நெசவுக்காரன் மகனுக்கு முடிச்சு போடவா தெரியாது?

ஆனால் நான் தொழில் கற்றுக்கொண்டது வேறு இடத்தில்.

உலகத்தில் எந்த ஊர் லாட்ஜுக்கும் இல்லாத தொல்லை திருப்பதி லாட்ஜுக்கு உண்டு. காலையில் ஒரு ஆள் சுருட்டை முடியும் மீசையுமாகச் சாவியைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போவார். திரும்பி வரும்போது மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு, மீசை இல்லாமல், ஒரு புது ஆள் வருவார். கூடவே அவர் தம்பி, மச்சான், மாமனார், எல்லாரும் அதே மாதிரி. கவுன்ட்டருக்கு முன்னால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்பார்கள். முனிரத்னம் காதுப் பென்சிலை எடுத்துக்கொண்டு, "எந்த ரூமு சார்? பேரு?" என்று ஆரம்பிப்பார். அவர்கள் முகம் சுருங்கும். "காலைல அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தோமே!" என்பார்கள். சாமியிடம் போய்விட்டு வருகிற மனிதனிடம் நீ யார் என்று கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்?

எனக்கு வேலை இல்லாததால் கவனிக்க நேரம் இருந்தது. முடி போனாலும் குரல் போகாது, நடை போகாது, செருப்பும் அதேதான் என்று கண்டுகொண்டேன். ஒருவர் இடது தோளைச் சாய்த்து நடப்பார். ஒருவர் பேசுமுன் தொண்டையைச் செருமுவார். முதல் முறை துணிந்து, "வாங்க சார், இருநூத்தி மூணுதானே? தரிசனம் நல்லபடியா ஆச்சா?" என்று கேட்டேன். அவர் கை தானாக மொட்டைத் தலைக்குப் போனது. பிறகு சிரித்தார். அவசரமாக ஒரு கண்ணாடியைத் தேடிவந்த மனிதர், கண்ணாடி தேவையில்லை என்று முடிவுசெய்த மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை வாங்கியவன் வேறு தொழிலுக்குப் போக மாட்டான்.

அடக்கமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வித்தையில் கர்வம் ஏறி, ஒரு நாள் வாசலில் வந்த மொட்டைத் தலைக்காரரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து, தரிசனம் விசாரித்து, பிரசாதம் எங்கே என்று உரிமையோடு கேட்டுவிட்டேன். அவர் தண்ணீர்ப் பம்பு ரிப்பேருக்கு வந்தவர். பல வருடங்களாகவே வழுக்கை.

பேஷன்

கொஞ்சம் இன்றைக்கு வருகிறேன்.

இப்போது நான் அலிபிரிக்குப் போகிற சாலையில் ஒரு பெரிய ஓட்டலை நடத்துகிற பொறுப்பில் இருக்கிறேன். வேலை கேட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லார் விண்ணப்பத்திலும் முதல் வரியில் 'பேஷன்' என்று இருக்கிறது. முதலில் ஜவுளிக்கடைக்கு எழுதியதை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் இது ஆர்வத்துக்கு வைத்த பெயர் என்று தெரிந்தது. நாங்கள் இஷ்டம் என்று சொல்லித் திட்டு வாங்கியதை இவர்கள் பேஷன் என்று சொல்லி வேலை வாங்குகிறார்கள். நல்ல முன்னேற்றம்தான்.

பொறுமையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அது ஏதோ வயதானவர்களுக்கு வருகிற வியாதி என்று நினைக்கிறார்கள். பொறுமை என்பது அசையாமல் காத்திருப்பதுதான் என்றால், இந்தத் தொழிலில் என்னைவிட அந்த சோபாதான் உயர்ந்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பொறுமை. வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவர் வெந்நீருக்காகக் கத்துவதில்லை. சிலர் க்யூவில் நின்ற கால்வலிக்காகக் கத்துவார்கள். சிலர் மச்சினன் கொண்டுவந்த பெரிய காருக்காகக் கத்துவார்கள். அது எதற்கு என்று கண்டுபிடிக்கும்வரை நிற்கிறவன் இந்தத் தொழிலில் நிலைப்பான். ஆர்வம் நம்மை வாசல்வரை கூட்டிவரும். வந்த பிறகு நிற்க வைப்பது இதுதான்.

சென்ற வாரம் காளஹஸ்தியிலிருந்து ஒரு வாசகர், 'இத்தனை வருடம் ஓட்டலில் இருந்தும் உங்களுக்கு ஒரு உப்புமா கிண்டத் தெரியாதாமே, உண்மையா?' என்று கேட்டிருந்தார். உண்மை. என் மனைவி எழுதச் சொன்ன கேள்வியோ என்று ஒரு சந்தேகம்.

சோபாவுக்குத் திரும்புவோம்.

மஞ்சள் புடவை

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை. காலையில் நான் கிளம்பும்போதே நைனா சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நானும் அடுத்த பஸ்ல வரேன். மலைக்குப் போறேன். போற வழில உன் மொதலாளிய பாத்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போறேன்."

"எதுக்கு நைனா?"

"ட்ரெய்னிங்கு ட்ரெய்னிங்குன்னு சொல்லிக்கினு கீறே. ஒரு பைசா வூட்டுக்கு வரல. வேல கீதா இல்லையான்னு அவங்க வாயால கேக்கணும். இல்லன்னா இன்னிக்கே என்னோட கெளம்பு."

பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நைனா வருவதற்குள் சுகுணம்மாவிடம் கேட்டுவிட வேண்டும். இத்தனை நாள் அவசரம் இல்லை சரி, இனிமேல் அவசரம்தான் என்று பணிவாகச் சொல்ல வேண்டும். லாட்ஜில் முனிரத்னம் இல்லை. சலவைக்குப் போன படுக்கை விரிப்புகள் வரவில்லை என்று சண்டை போடப் போயிருந்தார். கவுன்ட்டரில் அம்மா தனியாக இருந்தார். நல்ல நேரம். தொண்டையைச் செருமிக்கொண்டு கிட்டே போனேன்.

வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த கூட்டம். எல்லாரும் மஞ்சள் உடை. விடிவதற்கு முன்பிருந்து பஸ்ஸில் இருந்திருக்கிறார்கள். முன்னால் ஒரு பெரியம்மா, நல்ல கனத்த உடம்பு, குங்குமப் பொட்டு ரூபாய் அகலம். கோவிந்தா சொல்லிக்கூட உள்ளே வரவில்லை. நேராகக் கவுன்ட்டருக்குப் போனார். சுகுணம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, மானமுள்ள பெண்கள் சொல்கிற மாதிரி சொன்னார்:

"அம்மா... அவசரம்."

'ஏதோ தேவை' என்று சுகுணம்மாவுக்குப் புரிந்தது. தொழில் சிரிப்போடு, தெலுங்கில், மிக இனிமையாகக் கேட்டார்: "ஏம் அவசரம், அம்மா?"

என்ன தேவை, அம்மா? அவ்வளவுதான் அவர் கேட்டது.

பெரியம்மா நிமிர்ந்தார். "ஏன் அவசரமா? இதுக்கெல்லாம் ஏன்னு கேப்பாங்களா?" பின்னால் திரும்பினார். "கேட்டீங்களாடி? ஏன் அவசரமாம்!"

பின்னால் ஒரு மஞ்சள் அலை எழும்பியது. "இன்னா பொம்பள இவ!" என்றது ஒரு குரல். "இவங்க வூட்டுல யாருக்கும் வராதாமா?" என்றது இன்னொன்று.

சுகுணம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தேவையைக் கேட்டால் ஏன் கோபப்படுகிறார்கள்? மேஜைமேல் இருந்த கூஜாவைத் தூக்கிக் காட்டினார். "நீள்ளா அம்மா? நீள்ளு காவாலா?"

"தண்ணியா? தண்ணி குடிச்சதாலதாம்மா இந்த அவஸ்தையே!"

நான் குறுக்கே பாய்ந்தேன். காலையில் எந்தெந்த அறை காலியானது என்று எனக்குத் தெரியும். சுகுணம்மாவின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை நானே உருவினேன். அந்த லாட்ஜில் அதற்கு முன்னும் பின்னும் எவனும் செய்யாத காரியம். கீழ்த்தளத்து அறைகளைத் திறந்தேன். "பெரியவங்க இங்க. சின்னப் பொண்ணுங்க மாடிக்கு ஓடுங்க, அங்க மூணு ரூமு தொறந்து கீது. ஆம்பளைங்க பின்பக்கம். பெரியம்மா, நீங்க மொதல்ல."

வாசலில் வழியை மறித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். "சார், கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. லேடீஸ் போவட்டும். அப்படிக்கா சோபால குந்துங்க சார்" என்றேன். அவர் உட்கார்ந்தார்.

அது நைனா.

கொஞ்ச நேரத்தில் கட்டடம் முழுக்கக் குழாய்ச் சத்தம். பிறகு அமைதி. பிறகு, முகம் கழுவிய பெண்கள் ஒருவர் ஒருவராகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பெரியம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெரித்தார். "நல்லா இருப்ப, ராசா." சுகுணம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். முழு மன்னிப்பு இல்லை, முக்கால்வாசி.

புரிந்தபோது

"எந்துக்கு பாபு அந்த்த கோபம்? நேனு ஏமன்னானு?" என்றார் சுகுணம்மா. ஏன் அவ்வளவு கோபம், நான் என்ன சொல்லிவிட்டேன்?

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கிறவன் நான்தானே. "அம்மா, மா தமிழ்லோ அவசரம் அண்டே தொந்தர" என்று விளக்கினேன். தெலுங்கில் அவசரத்துக்குத் தொந்தர என்று பெயர். இந்தச் சொல் சந்தையில் கற்றது.

அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ராமா, ராமா! மாக்கு அவசரம் அண்டே காவலசிந்தி!"

எங்களுக்கு அவசரம் என்றால் தேவையானது.

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அது என் காதுக்குள் போனது. நீ. அவசரம். மாக்கு. லேது. ஆவணியில் இனிப்பாக விழுங்கிய வாக்கியம், ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்து நின்றது. என் சிரிப்பு முதலில் நின்றது. என் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பும் நின்றது. அவருக்கும் ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். என்னையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நுவ்வு... முனிரத்னம் பந்துவு காதா?" நீ முனிரத்னத்தின் உறவு இல்லையா?

இல்லை என்று தலையாட்டினேன். காதில் பென்சிலும் தோளில் படுக்கை விரிப்பு மூட்டையுமாக உள்ளே வந்த முனிரத்னம் அப்படியே நின்றுவிட்டார். "பந்துவா? அம்மா, நீங்க வச்ச ஆளுன்னு இல்ல நான்..."

அந்த நேரம் பார்த்து சோபா பெருமூச்சு விட்டது. நைனா எழுந்துவிட்டார். வேட்டியை அது விட மறுத்ததால் ஒரு இழு இழுத்துக்கொண்டு வந்தார்.

"இவங்கதான் மொதலாளியாடா?"

"ஆமா நைனா."

"பெத்த அப்பன சார்னு கூப்புடறான்மா" என்று சுகுணம்மாவிடம் புகார் சொன்னார். பிறகு, நூல் வியாபாரிகளிடம் பேசிப் பேசி வந்த தன் தெலுங்கில், தறிக்கு மேல் பேசுகிற குரலில் கேட்டார். "வீடு மா அப்பாயி. இக்கட ஏம் சேஸ்துன்னாடு?" இவன் என் மகன். இங்கே என்ன செய்கிறான்?

சுகுணம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏமாற்றத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. வேண்டாம் என்று சொன்ன வீட்டில் ஒன்றரை மாதம் வந்து கதவு திறந்துவிட்டிருக்கிறேன்.

"வாடு லேகபோதே ஈ ரோஜு நா பரவு போயேதி" என்றார் அவர். இவன் இல்லாவிட்டால் இன்றைக்கு என் மானம் போயிருக்கும்.

நைனா அதில் மயங்கவில்லை. ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். பாராட்டு எவ்வளவு மலிவு என்று தெரியும். "அதி சரேமா. பனி உந்தா, லேதா?" வேலை இருக்கிறதா, இல்லையா?

முனிரத்னம் மூட்டையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"உந்தி" என்றார் சுகுணம்மா.

"எப்புடு நுஞ்சி?" எப்போதிலிருந்து?

அவர் நான் கையில் வைத்திருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். திருப்பிக் கேட்கவில்லை.

"வச்சின ரோஜு நுஞ்சே."

வந்த நாளிலிருந்தே.

தலையணை உறை

நைனா தோற்றதாகக் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. "அப்ப எனக்கு ஒரு ரூம் போடு. குளிச்சிட்டுப் போறேன்" என்றார். மேலே போன கொஞ்ச நேரத்தில் மாடிப்படியிலிருந்து அவர் குரல் லாட்ஜ் முழுக்கக் கேட்டது. வாளி இருக்கிறது, குவளை எங்கே? ஜன்னல் ஏன் சாத்தவில்லை? நான் குவளை கொண்டுபோனேன், ஜன்னலைச் சாத்தினேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தலையணை உறையை விளக்குக்கு நேராகப் பிடித்து நூல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னாடா துணி? கொசுவலை மாதிரி கீது. யார்கிட்ட வாங்கறீங்க?"

'வாங்கறீங்க' என்றார். அதாவது, நீயும் உன் லாட்ஜும். அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று காட்டிக்கொண்டேன்.

குளித்துவிட்டுக் கீழே வந்தவர் நேரே கவுன்ட்டருக்குப் போனார். சுகுணம்மாவிடம் உறையை விரித்துக் காட்டி, இழையைப் பிரித்துக் காட்டி, என்னவோ பேசினார். மகனை அழைத்துப்போக வந்த மனிதர், மகனை விட்டுவிட்டுத் தலையணை உறைகளுக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு மலைக்குப் போனார்.

உறைகள் தீபாவளிக்கு முன்பே வந்தன. அழுத்தமான நெசவு, ஓரத்தில் நீலக்கோடு. சுகுணம்மா பெருமையாக எல்லா அறைக்கும் போட்டார். முதல் சலவையில் எல்லாம் சுருங்கிவிட்டன.

மாலையில் முதல் மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். தலையணை உறைக்குள் போக மாட்டேன் என்கிறதாம். தன் மனைவி அரைமணி நேரமாகப் போராடுகிறாளாம். முனிரத்னம் என்னைப் பார்த்தார். சுகுணம்மாவும் என்னைத்தான் பார்த்தார். இந்த லாட்ஜில் இனி எந்த உறை சுருங்கினாலும் பதில் சொல்ல வேண்டியவன் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. நைனாவுக்கு ஆர்டர் வேண்டும், அம்மாவுக்கு ஆள் வேண்டும். நான் விட்டுவிட்டு ஓடினால் இரண்டு பேருமே விடமாட்டார்கள்.

படியேறினேன். "கொஞ்சம் குடுங்கம்மா" என்று வாங்கி, தலையணையை மடியில் வைத்து, முழங்காலால் அழுத்தி, மூலை மூலையாக உள்ளே தள்ளினேன். முழுசாகப் போய்விட்டது. ஒரு மூலை மட்டும் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.